பானட்டின் உள்பக்கம்

துவாக்குடிக்கு ஒரு மைல் இருக்கும்போது பானட்டுக்குள் ஏதோ படபடவென்று அடித்து நின்றது. ஆவி கிளம்பியது. குத்புதீன் காரைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினான். பக்கத்தில் இருந்த மனைவி கமருன்னிசா மணி கேட்டாள்.

"ரெண்டே கால். அஸருக்குள்ள போயிடலாம்."

பதினொன்றரைக்குத்தான் தஞ்சாவூருக்குத் தந்தி வந்தது. அவளைப் பெற்ற அத்தா மவுத்து. அஸர் தொழுகை முடிந்ததும் திருச்சி பாலக்கரை வீட்டிலிருந்து மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குள் போனால்தான் அவளால் அத்தாவின் முகத்தைப் பார்க்க முடியும்.

அத்தா ஷேக் தாவூது பழைய டீசல் கார்களைப் பார்த்து, அவை உண்மையில் எத்தனை மைல் ஓடியவை என்று சொல்பவர். அவர் தலையைக் கண்டாலே திருச்சி கார் புரோக்கர்கள் பொய்யை நிறுத்திவிடுவார்கள். மீட்டரை நம்பவே மாட்டார். பெடல் ரப்பரைத் தடவுவார், டிரைவர் சீட்டின் பள்ளத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைப்பார். புகை கையைத் தள்ளுகிற வேகத்தில் எல்லாம் தெரிந்துவிடும். விற்கிறவன் முன்னால் வாயைத் திறப்பதில்லை. பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பானட்டின் உள்பக்கம் மைலை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இந்தக் காரை மாப்பிள்ளை அவரைக் கேட்காமல் வாங்கினான். மீட்டரில் இருபத்தெட்டாயிரம். மாமனார் எழுதியது 1,10,000. குத்புதீன் அதை ஈரத்துணியால் அழித்து, அவரோடு சண்டை போட்டு, அன்றோடு பாலக்கரைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டான். ஆறு மாதமாயிற்று.

"பேன் பெல்ட் அறுந்துபோச்சு," என்றான் இப்போது. "சொல்லு, உங்கத்தா சொன்னதுதான் சரின்னு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அவள் சொல்லாததுதான் அவனை அதிகம் எரித்தது. பெல்ட்டுக்குப் பதிலாகக் கட்டக் கயிறாவது கிடைக்குமா என்று பின்சீட்டைத் தூக்கினான். அடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம், பச்சைக் கட்டம் போட்ட லுங்கியிலிருந்து கிழித்த கரையால் கட்டியிருந்தது.

கமருன்னிசா சிரித்துவிட்டாள். அவர்கள் வீட்டில் முறுக்கு டின்னிலிருந்து குடை வரை எல்லாவற்றையும் அத்தா அந்தக் கரையால்தான் கட்டுவார். பொட்டலத்தில் புது பெல்ட்டும் ஒரு ஸ்பேனரும் இருந்தன.

"எப்ப வெச்சாரு?"

"சண்டை போட்ட அன்னைக்குத்தான். சாவி கேட்டாரே. நீங்க உள்ள கோவமா பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

குத்புதீன் பெல்ட்டை விரித்து இழுத்துப் பார்த்தான். "கோவம்தான். ஆனா பிரியாணி நல்லா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்தது. அத்தா போன நாளில் இப்படிச் சந்தோஷமாக இருப்பது வெட்கமாகவும் இருந்தது. எஞ்சின் ஆறியதும் அவன் பெல்ட்டை மாட்டினான். வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார்கள்.

பாலக்கரையில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது கார் தெருவுக்குள் திரும்பியது. வாசலில் புரோக்கர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான நல்லதம்பி கார் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். இனிமே நிம்மதியா பொய் சொல்லலாம்னு பாத்தேன். வாயில வரமாட்டேங்குது."

வாசல் நடையில் அழுதுகொண்டிருந்த அவள் அம்மாவே அதற்குச் சிரித்துவிட்டாள். கமருன்னிசா உள்ளே போய் அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். மைலை எழுதிவிட்டு டீக்குக் கிளம்புகிற அதே முகம்.

அடக்கம் முடிந்து திரும்பிய குத்புதீன் உள்ளே வந்து மெதுவாகக் கேட்டான்.

"மாமா சட்டை எங்க மாட்டியிருக்கு?"

ஆணியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து அவளே சாக்பீஸை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலில் நின்று பார்த்தாள். அவன் பானட்டைத் தூக்கினான். மீட்டரைப் போய்ப் பார்த்து வந்தான், மாமனார் எழுதியதோடு இந்த ஆறு மாத ஓட்டத்தை விரல்விட்டுக் கூட்டினான். 1,11,400 என்று நிதானமாக எழுதினான்.

பானட்டை மூடவில்லை. கையில் ஒட்டிய தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான்.