திறந்த டிக்கி

அன்று காலை, பெயிண்டரான என் கணவர் ஏணியைக் காரில் ஏற்றி, மூடாத டிக்கியைக் கயிற்றால் கட்டினார்.

“காருக்குள்ள புகை நாறுதுங்க.”

“பின்னாடிதான் தொறந்து கெடக்கே, தானா போயிடும். மகாராணி மூக்கு ரொம்பத்தான் மோப்பம் புடிக்குது.”

குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியோரம், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த காருக்குள் இறந்துகிடந்தார்.

மெக்கானிக் புகைக்குழாயைத் துருவித் துருவிப் பார்த்தார். ஓட்டையே இல்லை. பிறகு டிக்கியை அதேபோல் கட்டி, விளிம்பில் காகிதத் துண்டு ஒட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு சற்று தூரம் ஓட்டினார். காகிதம் உள்பக்கமாகப் படபடத்தது.

“பாருங்கக்கா, வண்டி ஓடுறப்ப தொறந்த டிக்கிதான் புகைய உள்ள இழுக்குது. வெளிய போகும்னுதான் யாரும் நெனப்பாங்க. அண்ணன் மேல தப்பில்ல.”

வெகுநேரம் அழுதேன். மெக்கானிக் காத்திருந்தார்.

ஓட்டுநர் இருக்கை இன்னும் என் கணவரின் நீண்ட கால்களுக்கேற்பப் பின்னால் தள்ளியே இருக்கிறது.