அம்மாவுக்குத் தெரிந்த முகம்

என்னைக் காட்டியே என்னை மிரட்டுகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் என் அம்மாதான்.

"என் பொண்ணு வரட்டும். வந்தான்னா உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. அவளுக்கு நாங்க வச்ச பேரே மிளகா, தெரியுமில்ல?"

அந்த மிளகாயே நான்தான் அம்மா என்று சொல்லிப் பார்த்தாயிற்று. கெஞ்சியும் பார்த்தாயிற்று, கத்தியும் பார்த்தாயிற்று. அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைக் காட்டினாள். இருபத்தாறு வயதில் நான் சொந்தமாகத் தையல் கடை வைத்த அன்று எடுத்த படம். கன்னம் இறுகி, கழுத்து நிமிர்ந்து, உலகத்தையே விலைக்கு வாங்க வந்தவள் மாதிரி நிற்பேன். "இவ எங்க, நீ எங்க? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்மா" என்றாள்.

அம்மாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருஷமாகிறது. முதலில் சாவியை மறந்தாள், பிறகு அடுப்பை மறந்தாள், அப்புறம் அப்பா இறந்ததை மறந்தாள். போன மழைக்காலத்தில் என்னை மறந்தாள். இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. என்னை மறக்கவில்லை. இருபத்தாறு வயது மிளகாய் இன்றைக்கும் அவளுக்குப் பத்திரமாக ஞாபகம் இருக்கிறாள். வேலைக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள். வீட்டுக்குள் நடமாடுகிற இந்த ஐம்பத்தாறு வயதுக்காரி யார் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

என் தம்பிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவன் வேறு ஊரில் இருக்கிறான். வழுக்கை விழுந்து, தொப்பை போட்டு, தடித்த கண்ணாடி மாட்டி, அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான். வீடியோவில் கூப்பிட்டால் அம்மா முடியை ஒதுக்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களா? வர்றதுக்கு நேரமாகுமா?" என்று கேட்பாள். அவன் நெளிவான். "அக்கா, என்னைப் பார்த்து வெட்கப்படுறாங்கக்கா, எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னே தெரியல" என்பான். நான் சிரிப்பேன். போனை வைத்ததும் வயிறு எரியும்.

பின்னே எரியாதா? அவன் கிழவனானதால் அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது. நான் கிழவியானதால் என் இடம் போயிற்று. அப்படியென்றால் கோளாறு அம்மாவின் மூளையில் மட்டுமா இருக்கிறது? என் முகத்திலும் இருக்கிறது. நான் ஆல்டரேஷன் தையல்காரி. தொளதொளவென்று போனதைப் பிடித்துத் தைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. எனக்கு இப்படித்தான் புத்தி போகும்.

என் கையால் அம்மா சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். தட்டில் நான் எதையோ கலந்து வைப்பதாகச் சந்தேகம். எதிர்வீட்டு நர்ஸ் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஊட்டினால் நாலு வாய் இறங்கும். உடம்பு பாதியாகிவிட்டது. தம்பி தன் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்தில் பேசி முடித்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன்க்கா. உன்னையே யாருன்னு தெரியாத இடத்துல இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன?"

"நான் யாருன்னு தெரிஞ்சுட்டா?"

"தெரிஞ்சு, உன் கையால ஒரு வேளை சாப்பிட்டாங்கன்னா நான் ஏன் கூட்டிட்டுப் போறேன்? எனக்கு மட்டும் ஆசையா?"

மறுநாளே ஒரு தோல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆபரேஷன் செய்கிற இடம். காத்திருக்கும் அறையில் ஆளாளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, திருடப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவள். "சொல்லுங்கம்மா" என்றாள்.

"அம்மான்னு கூப்பிடாதீங்க. அதை மாத்தத்தான் வந்திருக்கேன்" என்றேன். பிறகு பையிலிருந்து போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தேன். "எனக்கு இந்த முகம் வேணும்."

அவள் போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அதற்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று. கண்ணாடி முன் உட்காரவைத்து, பேனாவால் என் தாடையில் கோடு போட்டாள், நான் துணியில் சாக் வைத்து இழுப்பேனே அதே மாதிரி.

"முதல்ல ஊசி. நெத்தி, கண்ணோரச் சுருக்கத்துக்கு. தசையைக் கொஞ்ச மாசத்துக்கு அசையாம வச்சிருக்கும். கோபம் வந்தாலும் நெத்தி சுருங்காது."

"அது எனக்கு அவசரமா தேவை. அப்புறம்?"

"கன்னம் ஒட்டிப்போன இடத்துல ஊசியாலேயே நிரப்பலாம். ஆனா தொங்குறதை அது தூக்காது. நூல் வச்சுத் தூக்குறது ஒண்ணு இருக்கு, தோலுக்கு அடியில கோத்து இழுப்போம். உங்களுக்கு இருக்கிற தொய்வுக்கு அது தாங்காது."

நூலைப் பற்றி எனக்கா தெரியாது? கனமான துணியை மெல்லிய நூலில் தூக்கினால் நூல் அறும், இல்லாவிட்டால் துணி கிழியும். "ஆபரேஷன்னா?" என்றேன்.

"காதுக்கு முன்னாடி வெட்டி, காதைச் சுத்திக் கொண்டுபோய், பின்னாடி முடிக்குள்ள முடிப்போம். தோலைப் பிரிச்சு, அடியில இருக்கிற படலத்தை இழுத்துக் கட்டி, மிச்சத் தோலை எடுத்துட்டுத் தையல் போடுவோம். கழுத்துக்குத் தாடைக்கு அடியில ஒரு சின்ன வெட்டு. இந்த ரெண்டு பட்டையா தொங்குது பாருங்க, இது தசை. நடுவுல சேர்த்துத் தைக்கணும். கொழுப்பு இருந்தா உறிஞ்சி எடுத்துடலாம்."

பேசிக்கொண்டே இரண்டு கையாலும் என் கன்னத்தைக் காதுப் பக்கமாக ஏந்தி மேலே இழுத்தாள். கண்ணாடியில் ஒரு கணம் அவள் வந்து நின்றாள். மிளகாய்! டாக்டர் கையை எடுத்ததும் மொத்தமும் சரிந்து விழுந்தது.

"அதேதான். அதேதான் வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா?"

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். வீங்கும், கன்றிப்போய் நீலமாகும், அடங்கவே வாரக்கணக்காகும், முகம் ஒரு நிலைக்கு வர மாசக்கணக்காகும் என்றாள். சர்க்கரை இருக்கிறதா, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டும் இருக்கிறது. அப்படியானால் தையல் ஆறத் தாமதமாகும், உள்ளே ரத்தம் கட்டலாம், நரம்பில் பட்டால் வாய் ஒரு பக்கம் கோணலாம் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் பரவாயில்லை, பரவாயில்லை என்று தலையாட்டினேன்.

"என்ன விசேஷத்துக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டாள்.

வீட்டில் கல்யாணம் என்று சொல்லலாமென்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு, "நான் நல்லா பண்ணினாக்கூட பத்து வயசு குறைச்சுக் காட்டலாம். முப்பது வயசைக் குறைக்க முடியாது. அது இந்தப் பொண்ணோட முகமாவும் இருக்காது, நல்லா இருக்கிற ஒரு நாப்பத்தாறு வயசுக்காரி முகமாத்தான் இருக்கும். அவங்களுக்கு அவளும் புது ஆளுதான். வேண்டாம். நான் பண்ண மாட்டேன்" என்றாள்.

"பண்ண மாட்டேன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு கோடு போட்டீங்களா?" என்று கத்தினேன். போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கறுப்புக் கண்ணாடிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பார்க்கட்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். தாடையில் கோடு அழியாமல் இருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. தைக்க முடியாத துணியை ஒட்டுவதில்லையா? டாக்டரின் கை எந்த இடத்தில் பிடித்தது, எந்தப் பக்கம் இழுத்தது என்று என் தோலுக்கு ஞாபகம் இருந்தது. நர்ஸிடம் காயத்துக்கு ஒட்டுகிற டேப் வாங்கினேன். நெற்றிப் பொட்டில் ஒன்று, காதுக்கு முன்னால் ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று என்று இரண்டு பக்கமும் ஒட்டி, ஒவ்வொன்றிலும் எலாஸ்டிக் கோத்துத் தலைக்குப் பின்னால் முடிக்குள் இழுத்துக் கட்டினேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு வலித்தது. நர்ஸ் வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "பாதி மிளகா, பாதி வத்தல்" என்றேன் அவளிடம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முடிக்குச் சாயம் போட்டு, முகத்தைக் கட்டி, கழுத்தை மறைக்கக் காலர் வைத்த நீலச் சட்டை போட்டுக்கொண்டேன். தம்பி வந்து என்னைப் பார்த்ததும், "என்னக்கா இது கோலம்?" என்று அரண்டுபோனான். "வாயை மூடிட்டு வாசல்ல நில்லு" என்றேன். ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு, சூப்புக் கிண்ணத்தோடு அம்மாவின் அறைக்குள் போனேன். சூப் தட்டில் சிந்தியது.

அம்மா படுத்திருந்தவள் தலையைத் திருப்பினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வந்துட்டியாடி?" என்றாள். "எவ்வளவு நேரம்டி? எங்கடி போய்த் தொலைஞ்ச?"

கடவுளே! அந்த 'டி'யைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அழுதால் டேப் நனைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "கடையில கூட்டம்மா. வாயத் திற" என்றேன். திறந்தாள். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. கிண்ணத்தை வழித்து ஊட்டினேன், சமர்த்தாகக் குடித்து முடித்தாள். வாசலில் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிக்கா, நீ ஜெயிச்சுட்ட. நான் கிளம்புறேன்" என்றான்.

அப்போது அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். காதோடு காதாகப் பேசினாள்.

"மிளகா, இந்த வீட்டுல ஒரு பொம்பளை இருக்காடி. நீ போனதும் வந்துடுவா. எப்பப் பாரு கத்துறா. குளிப்பாட்டும்போது கத்துறா, சோறு போடும்போது கத்துறா. நான் யாரு சொல்லு, நான் யாரு சொல்லுன்னு போட்டு உலுக்குறா. தெரியலம்மான்னு சொன்னா உட்கார்ந்து அழுறா. எனக்குத் தெரியலையேடி, நான் எதைச் சொல்லுவேன்? எனக்கு பயமா இருக்கு. அவ வர்றதுக்குள்ள என்னை எங்கேயாவது கூட்டிட்டுப் போயிடுடி."

அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் சேர்த்து அணைத்துக்கொண்டேன். இத்தனை மாதம் அவள் என்னை மறந்துவிட்டாள் என்று அழுதேன். அவள் என்னைக் கண்டு பயந்துகொண்டிருந்தாள் என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. ராத்திரியானால் முகத்தில் கட்டியதை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்ததும் அந்தப் பொம்பளை வந்துவிடுவாள்.

"கூட்டிட்டுப் போறேன்மா. இப்பவே போலாம்" என்றேன்.

"அக்கா, வேண்டாம்க்கா. அதான் சாப்பிட்டாங்களே" என்றான் தம்பி.

"பையை எடுடா."

கைப்பிடித்து மெல்ல எழுப்பினேன். யார் கூப்பிட்டாலும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறவள், என் தோளில் சாய்ந்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். அந்தக் கடை வாடகை கட்டுப்படியாகிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று வழியெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வியர்வையும் கண்ணீரும் சேர்ந்து வழிந்ததில் இடது பக்கம் டேப் விட்டுக்கொண்டது. காரில் அவளை உட்காரவைத்துப் பெல்ட் மாட்டக் குனிந்தபோது வலது பக்கமும் விட்டது. கன்னம் இறங்குவது எனக்கே தெரிந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் கையை விட்டாள்.

"மிளகா எங்க?" என்று என்னிடமே கேட்டாள்.

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கையைக் காட்டி அடக்கினேன். இந்த ஒரு தடவையாவது கத்தாமல் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவ முன்னாடியே போயிட்டாம்மா. உங்களுக்கு அங்க படுக்கையெல்லாம் தயார் பண்ணணும்ல? உங்களுக்காகக் காத்துட்டிருப்பா."

நம்பிவிட்டாள். நான் சொன்ன எதையும் நம்பாதவள் அதை நம்பினாள். தம்பி வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியை இறக்கச் சொல்லி, வெளியே கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாள்.

"வெயில்ல நிக்காதீங்கம்மா" என்றாள். "நீங்களும் வீட்டுக்குப் போங்க. உங்களையும் அங்க தேடிட்டிருப்பாங்க."

"சரிங்கம்மா, போறேன்" என்றேன்.