படகு இறங்காத நாட்கள்

"சட்டைய வச்சு அடக்கம் பண்றதுக்கு அவன் என்ன கடல்லயா காணாப்போனான்? அமெரிக்காவுல ஐஸ் பெட்டியில கெடக்குறான் மாமா. முழுசா கெடக்குறான்."

"கத்தாத தமிழு. ஊரே நிக்குது."

"நிக்கட்டும். நல்லா கேக்கட்டும்."

ஞானசேகரன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். தமிழ்ச்செல்விக்குத் தாய்மாமன், கடலூருக்குத் தெற்கே இருந்த அந்த மீனவர் ஊருக்குத் தலைவர். தாய்மாமனாக வந்திருந்தால் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார். இன்று வாசலைத் தாண்டவில்லை. அதிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. தமிழ்ச்செல்வியின் அண்ணன் சிலம்பரசன் சிதம்பரத்தில் படித்து, மேல்படிப்புக்கு அமெரிக்கா போய், கைச்செலவுக்கு ஒரு கடையில் வேலை பார்த்தான். எவனோ ஒருவன் துப்பாக்கியோடு கடைக்குள் புகுந்து, சாமான் வாங்க நின்றவர்களோடு சேர்த்து அவனையும் சுட்டுக் கொன்றான். செய்தி வந்த அன்று யாரும் சொல்லாமலே படகுகள் கரையேறின. ஒவ்வொன்றிலும் கறுப்புக்கொடி. ஊரடங்கை மீறி ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து, வழக்கு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சிதம்பரம் கீழ வீதியில் அண்ணனின் கல்லூரி நண்பர்கள் மெழுகுவத்தி ஏற்றினார்கள். "மாஸ்க்க கொஞ்சம் எறக்குங்க சிஸ்டர், அழுவுறது தெரியல" என்றான் படம் பிடித்தவன். அவள் இறக்கினாள். அந்தப் படம் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் என்று அன்று நம்பினாள்.

பிறகுதான் அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. உடலுக்குக் கொரோனாவாம். அனுப்ப முடியாதாம். அங்கேயே எரித்துவிடலாமாம்.

"குண்டு பட்டுச் செத்தவனுக்கு எதுக்குடா டெஸ்ட்டு?" என்று ஊர் கொதித்தது. சட்டியில் கருவாடு இருந்தவரை கொதித்தது. அப்புறம் ஒருநாள் தெருக்குழாயடியில் பெரியவர் நடனசபாபதி, "நம்ம ஊரு பூனைங்கல்லாம் பக்கத்து ஊருக்குக் குடிபோயிடுச்சுப்பா" என்றார். சாவுச் செய்திக்குப் பிறகு ஊர் சிரித்தது அன்றைக்குத்தான். குடத்தோடு நின்ற தமிழ்ச்செல்வி அதைக் கேட்டாள்.

கடல் திருப்பித் தராதவர்களுக்கு ஊரில் ஒரு வழி உண்டு. அவர்களுடைய சட்டையைப் பாடையில் வைத்து எடுத்துப் புதைத்துவிட்டால், படகு இறங்கலாம்.

"கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து தெனம் போன் வருதே, எதுக்கு வருது? படகு கரையில கெடக்குறதாலதான் மாமா. சட்டைய பொதைச்சிட்டு நீங்க கடலுக்குப் போனா அந்த போனும் நின்னுடும். அங்க அவன எரிச்சிடுவாங்க."

"மீன்புடி தடைக்காலம் ரெண்டு மாசம். அது முடியல, லாக்டவுன். இப்ப இது. புள்ளைங்களுக்கு என்னத்த ஆக்கிப் போடுறது?"

"கொடி கட்டுனப்ப அது தெரியலியா?"

பின்னாலிருந்து சிவசங்கர் பேசினான். முதல் கொடியைக் கட்டியவனே அவன்தான். "அப்ப கோவம் இருந்துச்சு தமிழு."

"இப்ப?"

"இப்பவும் இருக்கு. பசி அதவிட ஜாஸ்தியா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. தமிழ்ச்செல்வி அவர்களைப் பார்த்தாள். இடைவெளி விட்டு, மாஸ்க்கோடு, ஒழுங்காக நின்றார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்த அதே ஆட்கள். அவர்கள் கால்களுக்குப் பின்னால் டீசல் கேன்கள் இருந்தன. நிரப்பிக்கொண்டு வந்துதான் கேட்கிறார்கள்.

"சட்டையில்ல" என்றாள். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத்தான் போனான்."

முழுப் பொய்யில்லை. ஒன்றே ஒன்றைத்தான் விட்டுப் போயிருந்தான். அது எங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியும்.

பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா அமிர்தம் வெளியே வந்தாள். மீன் கூடை தூக்கும் நாட்களில் புடவைக்கு மேலே மகனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். செய்தி வந்தபோதும் அதைத்தான் போட்டிருந்தாள். இன்னும் கழற்றவில்லை. துவைக்கவும் விடவில்லை. காலர் கறுத்துப் போயிருந்தது.

"என்னா கூட்டம்?" என்றாள் தம்பியைப் பார்த்து. "பொட்டி வந்துடுச்சா ஞானம்?"

டீசல் கேன் ஒன்றை யாரோ மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தினார்கள்.

ஞானசேகரன் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டார். தமிழ்ச்செல்வி குறுக்கே வந்து நிற்பதற்குள் கையைக் கூப்பிவிட்டார்.

"யக்கா... அந்தச் சட்டைய கொஞ்சம் கழட்டிக் குடுக்கா."