கூண்டின் எடை

நான்கு மூலைக் கம்பங்களிலிருந்து இறங்கிய நான்கு கம்பிகளில் கூண்டு தொங்கியது. அதில் நின்றபடி பெயின்டர், குழாயில் வந்த பெயின்டைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார். மோட்டார்கள் கம்பிகளை இழுத்தும் விட்டும் கூண்டை நகர்த்தின. அது எந்த வழியில், என்ன வேகத்தில் போகவேண்டும் என்று கணக்குப் போடுவது கீழே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணின் வேலை. கம்பியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. கணக்குப் பிசகினால் ஏதாவதொன்று தொய்ந்துவிடும்.

மூன்றாம் மூலையில் தொய்ந்தது. கூண்டு ஓர் ஆட்டம் ஆடியது. நான்கு மாதமாகச் சொன்னபடி கேட்ட பாதை. திரையில் பெயின்டரின் எடை அறுபத்தெட்டு கிலோ இருக்கவேண்டிய இடத்தில் அறுபத்தொன்று இருந்தது. அவள் கூண்டை இறக்கினாள்.

"அண்ணே, ஏழு கிலோ எங்க போச்சு?"

பெயின்டர் இடுப்பைத் தடவிக்கொண்டார். "நட்டு போல்ட்டு போட்டு ஒரு பை கட்டிக்கிட்டு வருவேன். நாத்தம் தாங்கலன்னு உங்க அண்ணி துவைச்சுப் போட்டுட்டா. ஒருநாள்தானே, மெஷினுக்கா தெரியப்போகுதுன்னு ஏறிட்டேன்."

"எதுக்குப் பை?"

"நுரையீரல்ல புண்ணாம். ஆறு மாசம் ரெஸ்ட்டுங்கிறாரு டாக்டர். நான் படுத்தா அங்க வேற ஆளு நிப்பான். அறுபத்தெட்டுன்னே இருக்கட்டும்மா."

தினமும் பார்க்கிற முகம்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அவள் இன்றைக்குத்தான் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. அறுபத்தொன்று என்று மாற்றி, புதுப் பாதை போட்டு, காலிக் கூண்டில் மணல் மூட்டை வைத்து ஓட்டினாள். ஆடவில்லை. பிறகு மேனேஜரிடம் போனாள்.

"சார், பெயின்டருக்கு உடம்பு சரியில்ல. ஏழு கிலோ இறங்கிட்டாரு. சம்பளத்தோட லீவு குடுக்கணும்."

"புதுப் பாதையில ஒரு சுவருக்கு எவ்வளவு நேரம்?"

"ஒம்பது நிமிஷம்."

"இதுவரைக்கும் பதினொண்ணு ஆகுமே!" மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரமாதம். அறுபத்தொண்ணுக்கு மேல ஏறினா மெஷின் ஸ்டார்ட்டே ஆகக்கூடாது. அப்படிப் போட்டுடு."

"சார், அவரு நோயாளி."

"லீவு வேணும்னு அவரா கேட்டாரு?"

அவர் கேட்கவில்லை. அவள் மேஜைக்குத் திரும்பினாள். விரல்கள் தம்பாட்டுக்கு எடை வரம்பாக அறுபத்தொன்றைத் தட்டின.

மறுநாள் காலை பெயின்டர் ஏறியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஷூவைக் கழற்றிக் கீழே போட்டார். அறுபத்தொன்றரை. கையில் மாத்திரையோடு தண்ணீர் பாட்டிலைத் திறக்கப்போனவர், திரையைப் பார்த்துவிட்டு மூடினார். பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"மாத்திரையைப் போட்டுக் குடிச்சிட்டுக் குடுங்கண்ணே."

"உள்ள போனாலும் அதே எடைதானேம்மா," என்றார் பெயின்டர்.

அவள் வாங்கிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது.