ஐயாத்துரையின் இன்னோர் இதயம்

காலையிலிருந்தே பத்மாசனியின் பொறுமை கரைந்துகொண்டிருந்தது. ஸ்கந்தபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து வவுனியாவில் ஸ்கான் நிலையத்து வாசல் வரை, கணவர் ஐயாத்துரை ஒரே பாட்டைத்தான் பாடினார்.

"மாரடைப்பு வந்தது, போயிட்டுது. பிறகேன் எனக்குக் கொம்பியூட்டருக்குள்ள இன்னொரு இதயம்?"

வைத்தியர் தயாளினி தெளிவாகத்தான் விளக்கியிருந்தார். மாரடைப்பு இதயத்தில் தழும்பொன்றை விட்டுச் சென்றிருக்கிறது. காந்த ஸ்கான் எடுத்தால், அதே தழும்போடு அவருடைய இதயத்தின் மாதிரியைக் கணினியில் கட்டி, மின்துடிப்பால் சீண்டிப் பார்க்கலாம். அங்கே துடிப்பு தறிகெட்டு ஓடினால், இங்கே நெஞ்சுக்குள், துடிப்பைச் சீராக்கும் காவற்கருவி வைக்கவேண்டும். உழவு இயந்திரத்தில் இருந்தபடியே இந்த மனிதர் சாய்ந்துவிடுவாரோ என்ற பயத்துக்குக் கணினியாவது விடை சொல்லட்டும் என்றுதான் பத்மாசனி அவரை இழுத்து வந்திருந்தாள்.

"உடம்பில உலோகம் ஏதும் இருக்கோ?" ஸ்கான் எடுப்பவர் கேட்டார்.

மோதிரத்தையும் இடுப்புப் பட்டியையும் கழற்றிக் கொடுத்திருந்த ஐயாத்துரை, "இல்லை" என்றார்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லைத் தம்பி!" பத்மாசனி எரிந்து விழுந்தாள். "கெதியாக் கூட்டிக்கொண்டு போங்கோ. இவர் ஓடப்போறார்."

சட்டை கழன்றதும் முதுகில் ஒரு வடு தெரிந்தது.

"இதென்ன ஐயா?"

"அது சண்டை நேரம் செல்லடியில பீஸ் பட்டது."

"பீஸை எடுத்தாச்சோ?"

"ஏன் எடுப்பான்? அது தன்ர பாட்டில உள்ளுக்குக் கிடக்குது."

ஸ்கான் எடுப்பவர் தலையில் கைவைத்தார். "ஐயா, செல் பீஸ் எண்டால் இரும்புத் துண்டெல்லோ! காந்தம் இழுத்தால் என்ன செய்வியள்?"

"நீர் உலோகம் எண்டெல்லோ கேட்டனீர்? ஆர் பீஸ் எண்டு கேட்டது?"

முதுகில் சுமை உண்டா என்று ஆமையைக் கேட்டால், இல்லை என்றுதானே சொல்லும்! கணவரைத் திட்ட வாயெடுத்த பத்மாசனிக்கு, தானும் அதே பதிலைச் சொன்னது உறைத்தது. எரிச்சலை மென்று விழுங்கினாள்.

தயாளினி வந்து காந்த ஸ்கானைக் கைவிட்டார். "சாயம் ஏத்தி சீ.ரி. ஸ்கான் எடுப்பம், அதில காந்தமில்லை. தழும்பு அவ்வளவு துல்லியமாத் தெரியாது. எண்டாலும் இதயத்தைக் கட்டலாம்."

சில வாரங்களின் பின் இருவரையும் அழைத்து முடிவைச் சொன்னார். "கொம்பியூட்டர் இதயத்தைச் சீண்டினவுடன துடிப்பு தழும்பைச் சுத்திச் சுழலத் தொடங்கீற்றுது. தானா அடங்கேல்லை. கருவி வைக்கிறதுதான் நல்லது."

"கொம்பியூட்டருக்குள்ளதானே பிள்ளை சுழண்டது? நான் நல்லாத்தானே இருக்கிறன்," என்றார் ஐயாத்துரை. "அறுவடை முடியட்டும், பாப்பம்."

பத்மாசனி தன் கதிரையை வைத்தியரின் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இவரிட்ட இனி ஒண்டும் கேக்காதேங்கோ டொக்டர். திகதியை என்னட்டச் சொல்லுங்கோ."