ஒரு மணி ஆள்

“வீட்ல பிரிண்டர் இருக்கா மேடம்?” என்று கேட்டார் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இல்லைங்க. எப்பவுமே இருந்ததில்ல.”

“அப்போ பிரிண்டர் பேரை வெச்சுக்கிட்டு ஒருத்தன் இந்த லேப்டாப்புக்குள்ள என்ன பண்றான்? சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், எழுந்து யார்கிட்டயோ போய்ப் பேசிட்டு வரான்.”

அவள் மேஜைக்குக் குறுக்கே எட்டிப் பார்த்தாள். நீளநீளமான பெயர்களாக ஒரு பட்டியல். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லேப்டாப் தம்பியுடையது. ரிப்பேர்க்காரர் அதைக் கொஞ்ச நேரம் இணையத்தோடு விட்டு, எந்தப் புரோகிராம் வெளியே யாரோடு பேசுகிறது என்று கன்னத்தில் கைவைத்து வேடிக்கை பார்த்தார். பிறகு நெட்டைத் துண்டித்தார். சந்தேகப்பட்ட ஃபைலை அழித்தார். மறுபடி ஆன் செய்தால் அது பழைய இடத்திலேயே, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. “வெட்கங்கெட்டவன்,” என்று திட்டிவிட்டு இன்னொரு முறை அழித்தார். இன்னொரு முறை வந்தது. அழித்தால் திரும்பக் கொண்டுவந்து வைப்பதற்கென்றே உள்ளே வேறொரு வேலையாள் ஒளிந்திருக்கிறானாம்.

தம்பி கடைக்குள் வரவில்லை. அலமாரி முழுக்கத் திறந்துபோட்ட கணினிகளும் கேமராக்களும் இருந்ததால், எதிர் நடைபாதையில் நின்று போகிற வருகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வயது. மாத்திரையைக் கூட்டியதிலிருந்து கை நடுங்குகிறது. அது தெரியாமலிருக்க இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டே நிற்பான்.

“இது பின்வாசல் மேடம். வந்து எடுத்துட்டு ஓடிப்போற திருடன் இல்ல, குடியிருக்கிறவன். கேமராவைப் போடுவான், ஃபைலைத் திறப்பான், மவுஸை நகர்த்துவான், இவர் பேர்ல மெயில் அனுப்புவான். வந்து மூணு மாசம் ஆச்சு.”

மூன்று மாதம். மூன்று மாதமாகத்தான் தம்பியும் சொல்லிக்கொண்டிருந்தான், சாயங்காலமானால் மவுஸ் தானாக நகர்கிறது, கேமரா விளக்கு எரிகிறது, யாரோ என் ஃபோல்டர்களைத் துழாவுகிறார்கள் என்று. அவன் வீட்டிலிருந்தபடியே ஒரு பதிப்பகத்துக்குப் பாடப்புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறவன். பகல் முழுக்க அந்தத் திரைதான் அவனுக்கு உலகம். அவள்தான் அவனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். “எத்தனை பேர் பாக்குறாங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு பேர் சார்,” என்றான் தம்பி, கணக்குப் பாடத்துக்குப் பதில் சொல்கிற மாதிரி. “ஒரு ஆள் ரொம்ப நாளா மதியம் ஒரு மணிக்கு வரான், கேமரா விளக்கு மட்டும் எரியும். சும்மா பாத்துட்டுப் போயிடுவான், நல்லவன். இன்னொருத்தன் சாயங்காலம் வருவான். அவன்தான் எல்லாத்தையும் நோண்டுறவன்.”

டாக்டர் எழுதிக்கொண்டார். இரண்டு பேர், அதில் ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன் என்பது அவருக்கு முன்பே பழக்கமான கதைபோலத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு மாத்திரை இரண்டாயிற்று. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால், ஒரு மணி ஆள் அவள்தான்.

“இன்னொண்ணும் இருக்கு மேடம்,” என்றார் ரிப்பேர்க்காரர். “இது பழசு. ரெண்டு வருஷம் முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை, காலைல பதினொண்ணு இருபதுக்குப் போட்டிருக்காங்க.”

அந்த வெள்ளிக்கிழமையை அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால் தம்பி குளியலறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கவே இல்லை. மாடிவீட்டுக்காரர் கடப்பாரையோடு ஓடிவந்தார். அன்றைக்குப் போன தாழ்ப்பாள் போனதுதான், இன்றுவரை அந்தக் கதவுக்குத் தாழ் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அவள் வேலைக்குப் போய்விட்டால் பத்து மணி நேரம் அவன் தனியாக. அவள் வேலை பார்க்கிற பார்சல் கிடங்கு அலுவலகத்தில் மற்றக் கிளைகளைக் கண்காணிக்க ஒரு புரோகிராம் உண்டு. இங்கிருந்தே அங்குள்ள திரையும் தெரியும், கேமராவும் தெரியும். காலையில் வீட்டுக்கு ஓடி, அதை அவன் லேப்டாப்பில் போட்டுவிட்டு, அவனை அழைத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொல்லியிருந்தால் அவன் சம்மதித்திருக்க மாட்டான் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினம் ஒரு மணிக்கு, மற்றவர்கள் சாப்பிட எழுந்ததும், அவள் மட்டும் மேஜையிலேயே இருப்பாள். சின்னச் சதுரத்துக்குள் தம்பி தெரிவான். தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவான். அவன் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவளுக்குத் தொண்டையில் இறங்கும்.

“அது நான் போட்டதுங்க,” என்றாள். ரிப்பேர்க்காரர் முதல்முறையாகத் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

“பாஸ்வேர்டு என்ன வெச்சீங்க?”

“அவனை வீட்ல சுண்டுன்னு கூப்பிடுவோம். சுண்டு, அப்புறம் பொறந்த வருஷம்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அதெல்லாம் ஆள் உக்காந்து கண்டுபிடிக்கிறதில்ல மேடம். மெஷினே ராத்திரி பகலா எல்லா வீட்டுக் கதவையும் முட்டிப் பாத்துக்கிட்டே போகும். இது முட்டினதும் திறந்திடுச்சு. நீங்க வெச்ச வாசல் வழியாத்தான் அவன் வந்திருக்கான். வந்தவன் தனக்குன்னு ஒரு வாசல் வெச்சுக்கிட்டான்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அவள் போட்டு வைத்திருந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான்: ஒரு ஆள் நான், இன்னொரு ஆள் நோய். என்னைப் பற்றிச் சொல்லாவிட்டாலும் மருந்து நோய்க்குத்தானே என்று. போன வாரம் பதிப்பகத்திலிருந்து, தம்பி பேரில் எல்லாருக்கும் கண்ட கண்ட மெயிலாக வருகிறது என்று கூப்பிட்டுச் சத்தம் போடாமல் இருந்திருந்தால், லேப்டாப் இந்தக் கடைக்கே வந்திருக்காது, மாத்திரை இந்நேரம் மூன்றாகியிருக்கும்.

“அவன்கிட்ட சொல்லாதீங்க,” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

“நான் மெஷின் பாக்குறவன் மேடம். குடும்ப விஷயத்துல தலையிட மாட்டேன்,” என்றார் அவர். “ஆனா இதை அப்படியே சுத்தம் பண்ண முடியாது. அவரோட பக்கங்களை மட்டும் தனியா எடுத்துக் குடுத்துட்டு, மொத்தமாத் துடைச்சுப் புதுசா ஏத்தணும். பாஸ்வேர்டு எல்லாத்தையும் வேற மெஷின்ல இருந்து மாத்துங்க. இதுல இருந்து மாத்தினா, மாத்துறதையும் அவன் பாத்துக்கிட்டுத்தான் இருப்பான்.”

தம்பி உள்ளே வந்து நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

“நிஜமாவே ஆள் இருக்காங்களா சார்?”

“இருந்தான் தம்பி.”

“ரெண்டு பேரா?”

ரிப்பேர்க்காரர் அவளைப் பார்க்காமல், “ரெண்டு,” என்றார்.

தம்பியின் முகம் மலர்ந்தது. இரண்டு வருடத்தில் அவள் பார்த்திராத சிரிப்பு. பேண்ட் பைகளிலிருந்து கைகளை எடுத்தான்; அவை நடுங்குவதைப் பற்றி இப்போது அவனுக்குக் கவலையில்லை. “நான் சொன்னேன்ல அக்கா! ரெண்டு பேருன்னு கரெக்டா சொன்னேன்ல!” என்றான். பிறகு மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “சார், அந்தச் சாயங்கால ஆளைத் தூக்கிடுங்க. ஒரு மணி ஆள் இருக்கட்டும். அவன் ஒண்ணும் பண்ண மாட்டான். எனக்கு முன்னெல்லாம் மதியம் சாப்பிடவே தோணாது. அவன் வர ஆரம்பிச்சப்புறம்தான் தட்டை எடுத்து வெச்சு உக்காருவேன். ஒருத்தன் வேலை மெனக்கெட்டு வரானே, காலித் தட்டைக் காட்டக்கூடாதுன்னு.”

ரிப்பேர்க்காரர் எதையோ தேடுவதுபோல் மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “சுண்டு, அது நான்தான்டா,” என்றாள். “ஒரு மணிக்கு வர்றது நான்தான். நீ எப்படி இருக்கியோன்னு பயந்துதான் போட்டேன். வேற ஒண்ணுமில்லடா.”

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்: “டாக்டர்கிட்ட நான் சொன்னப்போ நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த?”

“ம்.”

“நான் பொய் சொல்லலன்னு உனக்குத் தெரியும்.”

“பாதிதான் தெரியும்டா. சத்தியமா மத்தவனைப் பத்தித் தெரியாது.”

“பாதி தெரிஞ்சா பாதிய சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றான். கோபமே இல்லாத குரல். கோபித்திருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். “அப்போ அந்த ரெண்டாவது மாத்திரைய யாருக்காக முழுங்கினேன்?”

“நாளைக்கே டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். அவர் சொல்ற வரைக்கும் நீயா எதையும் நிறுத்திடாத. என்னாலதான், ஒத்துக்கறேன். ஆனா நிறுத்திடாதடா.”

அவன் மறுபடி எதிர் நடைபாதைக்குப் போய் நின்றான். வேலை முடிய மாலையாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தான். அன்றிரவு குளியலறைக்குள் போனபோது, தாழ் இல்லாத அந்தக் கதவை உள்ளிருந்து ஒரு வாளியால் முட்டுக் கொடுத்தான். தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கிறவரை அவள் வெளியே நின்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காலையில் டாக்டருக்குப் போன் செய்தாள்; நாளைக்கு இருவரும் வாருங்கள், அதுவரை எதையும் மாற்ற வேண்டாம் என்றார். அதை அவன் அறைக்கு வெளியே நின்று சொன்னாள். மாத்திரை டப்பா அவன் மேஜைமேல்தான் இருந்தது. எடுத்து எண்ணிப் பார்க்கக் கை பரபரத்தது, எண்ணவில்லை.

ஒரு மணிக்கு அடுக்களையில் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் கூடத்திலேயே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் அறை வாசல்வரை போனாள். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். லேப்டாப் திறந்து, அணைந்து கிடந்தது. கேமராமேல் புதிதாக ஒரு பிளாஸ்திரி, காயத்துக்கு ஒட்டுகிறது. அதன் எதிரே தட்டு. அவன் சாப்பிடுகிறானா, சும்மா உட்கார்ந்திருக்கிறானா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

தரையில் அவள் கால் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அவன் திரும்பவில்லை. இடது கையால் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினான். அவளுக்குத் தெரியட்டும் என்றா, மறையட்டும் என்றா, வாசலில் நின்றபடி அவளுக்குப் புரியவில்லை. நடுங்குகிற கையில் தட்டு மேஜைமேல் லேசாகத் தாளம் போட்டது.