சமையலறையில் ஒரு வெள்ளக் கோடு

சமையலறைச் சுவரில் பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. நேற்றுவரை அங்கே இருந்த, பழைய ஆற்று வெள்ளத்தின் கோட்டைக் காணவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் அத்தை. "வெளியூர்க்காரங்க வர்றாங்கன்னு கொத்தனாரைப் பிடிச்சு ஒரே நாள்ல முடிச்சுட்டேன்."

"அந்தக் கோட்டைப் பாக்கத்தான் வந்திருக்காங்க அத்தை."

"அந்த அழுக்குப் பட்டையையா?"

எனக்குப் பின்னால் எட்டு பயணிகளும் ஒரு சுற்றுலா அலுவலரும் நின்றார்கள்.

எங்கள் ஊருக்கு வருபவர்கள் படகில் ஒரு சுற்று போவார்கள், கோட்டையைப் பார்ப்பார்கள், மதியத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் எனக்கு அவர்களின் முதுகுகள்தான் பழக்கம். ஆறு பெருகியபோதெல்லாம் தண்ணீர் எதுவரை வந்தது என்று எங்கள் தெருச் சுவர்களில் அடையாளம் இருக்கிறது. அவற்றைக் காட்டும் ஒரு நடைச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டிருந்தேன். குறைந்தது ஐந்து இடங்கள் வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இன்றைய சோதனை நடை அலுவலருக்குச் சரியென்று பட்டால் இந்த ஆண்டின் சுற்றுலாக் கையேட்டில் சேரும். கையேடு நாளை அச்சுக்குப் போகிறது.

ஐந்தாவது இடம் இந்தச் சமையலறை. நூறு வருடத்துக்கு முந்தைய பெருவெள்ளம் வடிந்ததும் வீட்டார் கரியால் இழுத்த கோடு. எத்தனையோ முறை வெள்ளையடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் அடித்தார்கள்.

அலுவலர் படிவத்தைப் புரட்டினார். "இங்க பாக்க என்ன இருக்குன்னு எழுதணும்மா. புது பெயிண்ட்னு எழுதவா?"

பயணிகள் சிரித்தார்கள். நான் நோட்டைத் திறந்தேன்.

"உயரம் தெரியும் சார். அளந்து வச்சிருக்கேன். இருநூத்தி ஆறு சென்டிமீட்டர்."

"நோட்டுல இருக்குறதை யாரு பாப்பா? நீயா ஒரு கோடு போட்டா அது பொய்க் கோடு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

கொத்தனார் பின்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட யாரும் சொல்லலையே! கரி ஒட்டியிருக்குன்னு ரெண்டு கை சேத்து அடிச்சேன்." அவர் பையில் கண்ணாடி போலத் தெளிந்த குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது. மட்டம் பார்க்கும் குழாய்.

"அண்ணே, அது எத்தனை அடி?"

"அம்பது. ஏன்?"

"குடுங்க."

பக்கத்துக் கிடங்கின் வெளிச்சுவரில் அதே வெள்ளத்துக்கு ஒரு கோடு செதுக்கியிருந்தார்கள். சற்று முன்புதான் அதைப் பார்த்தோம். "எனக்கு நெஞ்சுவரைதான், நடந்தே போயிருப்பேன்" என்று நெட்டையான பயணி ஒருவர் பெருமையடித்திருந்தார்.

குழாயில் தண்ணீர் நிரப்பினேன். குமிழிகள் போகக் கொத்தனார் சுண்டிக்கொண்டே வந்தார். நான் முணுமுணுப்பாக விளக்கத் தொடங்கினேன்.

"நீ பேசறது உனக்காவது கேக்குதா?" என்றாள் அத்தை.

"குழாய் எப்படி வளைஞ்சாலும்," என்றேன், இந்த முறை கத்தினேன், "ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே உயரத்துலதான் நிக்கும். ஒரு முனையை வெளிக்கோட்டுல பிடிங்க. இன்னொண்ணு இங்க."

காலையிலிருந்து கால் வலிக்கிறது என்று புலம்பிய அம்மாள்தான் முதலில் வெளியே ஓடினார். குழாயை ஜன்னல் வழியாக வாங்கினோம். நெட்டையர் இந்த முனையைச் சுவரோடு பிடித்தார்.

"கோட்டுக்குக் கீழ இருக்கு!" என்று வெளியிலிருந்து சத்தம்.

"ஒரு டம்ளர் ஊத்துங்க!"

"ஐயோ, ஜாஸ்தி! கொஞ்சம் கொட்டுங்க!"

"நின்னுடுச்சு! அசையாதீங்க!"

சமையலறை தெருவைவிட நான்கு படி தாழ்வு. நெட்டையர் கையை உயர்த்திக்கொண்டே போனார். தண்ணீர் அவர் உச்சந்தலைக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் நின்றது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

டேப்பை வைத்தேன். இருநூற்று ஐந்து. ஒரு சென்டிமீட்டர் பிழை எனக்குச் சம்மதம்.

பென்சிலை எடுத்தேன்.

"ஏண்டி, புதுச் சுவத்துலயா?"

"ஒரே ஒரு கோடு அத்தை."

"எவ்வளவு நீளம்?"

"சுவர் முழுக்க."

அத்தை குழாயின் அடியில் போய் நின்றாள். கையை நீட்டி எட்டிப் பார்த்தாள். விரல் நுனிதான் எட்டியது. "சரி, அடுப்புக்கு மேல மட்டும் வேண்டாம்."

"தண்ணி அடுப்பைப் பாத்து ஒதுங்கிப் போகலையே அத்தை."

கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை அடுப்பை நகர்த்தினாள். நான் கோட்டை இழுத்து முடித்தேன்.

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி அம்பது நிமிஷம். இருபது நிமிஷம் கூட. கோடுதான் வந்துடுச்சே, இனிமே குழாய் எதுக்கு? நடையிலேருந்து அதை எடுத்துட்டா கையெழுத்துப் போட்டுடறேன்."

தலையாட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"குழாய் இருக்கணும் சார். நான் போட்ட கோட்டை அவங்க ஏன் நம்பணும்? வர்றவங்க ஒவ்வொரு தடவையும் அவங்களே பிடிச்சுப் பாக்கணும்."

"நேரம்?"

"குழாயை முன்னாடியே நிரப்பி வச்சுடறேன். அதுல பத்து நிமிஷம் மிச்சம். மத்த நாலு இடத்துலயும் நான் பேசுறதைக் குறைச்சு மீதிப் பத்தையும் எடுத்துடறேன்."

"நீ பேசுனதே கொஞ்சம்தானேம்மா," என்றார். ஆனால் பேனாவை என்னிடம் நீட்டினார். ஐந்தாவது வரிசையில் எழுதினேன்: 'மட்டக் குழாய், ஐம்பது அடி. பயணிகளே பிடிக்க வேண்டும்.' அவர் இருமுறை படித்துவிட்டுக் கீழே கையெழுத்திட்டார்.

கொத்தனார் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு எனக்கு வேலை இருக்கும்மா. இதைத் தர முடியாது."

"இதை எந்தக் கடையில வாங்கினீங்க அண்ணே?" என்று கேட்டபடி செருப்பை மாட்டினேன்.